காய்ந்த ஏரியில் கறுப்பு

கறுப்பாகத் தெரியக் கூடாத இடம் கறுப்பாகத் தெரிந்தது.

மழை கண்டு மாதக்கணக்காகிவிட்ட ஏரி அது. நடுவில் ஆடு மேய்கிறது, பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஆனால் அவளுடைய திரையில், செயற்கைக்கோளிலிருந்து வாராவாரம் வரும் அகச்சிவப்புப் படத்தில், ஏரியின் வயிற்றில் கறுப்பு. அந்த வகைப் படத்தில் செடிகொடி சிவப்பாகத் தெரியும், காய்ந்த மண் வெளிறித் தெரியும், மனிதத் தோல்கூட வெள்ளையாகத்தான் தெரியும். தண்ணீர் ஒன்றுதான் விழுந்த வெளிச்சத்தை விழுங்கிவிட்டுக் கறுப்பாக நிற்கும்.

முதலில் சின்னத் திட்டாக இருந்தபோது மேக நிழல் என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம் பொட்டு மேகம் இல்லை, திட்டு பெருத்திருந்தது. இன்றைக்கு வந்த படத்தில் அது புதுக் கரையையே தாண்டிவிட்டது.

புதுக் கரையாவது! திருட்டுக் கரை. நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

இயற்கை வளத் துறையின் வரைபடப் பிரிவில் நீர்நிலைகளுக்கு எல்லை வரைவது அவள் வேலை. சின்னவர்கள் கோட்டக்கா என்று கூப்பிடுவார்கள். பழைய வானூர்திப் படங்களையெல்லாம் தோண்டியெடுத்து, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நின்ற இடம் வரை வளைவு வளைவாக இந்த ஏரிக்கு அவள் வரைந்திருந்த கரை பிரிவுத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. அந்த மனிதருக்கு அலுவலகத்தில் ரப்பர் என்று பெயர், எதைக் கண்டாலும் அழிப்பார். "தண்ணியே இல்லாத ஏரிக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய கோடு?" என்றார். குறைக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். தங்கைக்குப் பிரசவ வலி என்று போன் வந்த அன்று, கணினியைப் பூட்டாமல் அப்படியே போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் கரை உள்ளே சுருங்கியிருந்தது. ஒப்புதல் தந்தவர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது, படுபாவி.

மேலிடத்துக்கு எழுதினாள், கத்தினாள், ஒருத்தரும் அசையவில்லை. ஏரியாக இருந்த மண் மாதத்துக்குள் மனையாயிற்று, தங்கையின் குழந்தை தவழ ஆரம்பிப்பதற்குள் மனையில் வீடுகள் முளைத்தன. அதில் ஒன்றைத் தங்கையும் அவள் புருஷனும் வாங்கித் தொலைத்தார்கள். அக்காவிடம் கேட்கவில்லை, ஆச்சரியப்படுத்துகிறார்களாம்! வரைபடத்தில் அக்கா பெயரைப் பார்த்த பிறகு வேறு யாரைக் கேட்க வேண்டும்? அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியும் வைத்தார்கள். நடந்ததைச் சொன்னபோது தங்கை சிரித்தாள். "எப்பவோ வர்ற மழைக்கு இப்பவே குடை பிடிக்கிறியேக்கா" என்றாள்.

அவள் கோப்பில் அழிக்காமல் மறைத்து வைத்திருந்த தன் பழைய கோட்டைத் திரையில் போட்டுப் பார்த்தாள். கறுப்பு அதன் மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. வடக்கே ஒரு வளைவு, படம் மங்கலாக இருந்ததால் அவள் உத்தேசமாகப் போட்டது, அங்கேகூடக் கறுப்பு அவள் கை போனபடியே வளைந்திருந்தது. தங்கையின் வீடு அதற்குள்ளே நன்றாக உள்ளே தள்ளிக் கிடந்தது. அறையில் எங்கிருந்தோ பாசி வாடை வந்தது.

ரப்பரின் மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"கேமரா கோளாறும்மா. கறுப்பை எடுத்துட்டு சேவ் பண்ணிடு."

"அங்க குடும்பம் குடும்பமா ஆளுங்க இருக்காங்க சார்."

"இருக்கட்டும். தரை காஞ்சுதானே கிடக்கு? உன் தங்கச்சியே அங்கதானே இருக்கா, கேட்டுப் பாரேன்."

அந்த நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும் போல இருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டாள்.

"தண்ணியா? நீ வேற! குழாய்லயே சொட்டு வரல, லாரிக்குக் காத்துக் கிடக்கோம்" என்றாள் தங்கை. "ஆனா ஒண்ணுக்கா, வீடெல்லாம் ஒரு பாசி நாத்தம். கழுவினாலும் போக மாட்டேங்குது. ராத்திரி படுத்தா சுவரை யாரோ நக்கற மாதிரி சத்தம் வேற."

"குட்டி எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன! புதுசா ஒண்ணு கத்துக்கிட்டிருக்கான். யாரைப் பாத்தாலும் கையை மூடி மூடித் திறந்து வா வாங்கறான். காலையிலேர்ந்து தரையைப் பாத்துக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கான், லூசுப் பய."

பேச்சுக்குப் பின்னால் சளக், சளக் என்று ஏதோ கேட்டது. படகு கரையில் முட்டுவது போல.

"அடியே, குழந்தையைத் தூக்கிட்டு இப்பவே வெளிய வா."

"அய்யோ, அக்கா! அவரும் ஷிஃப்டுக்குப் போயிட்டாரு, நான் தனியா எங்க..."

தொடர்பு அறுந்தது. மறுபடி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

களப்பணிக்கு வைத்திருந்த அகச்சிவப்புக் கேமராவை அலமாரியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தாள். வழியெல்லாம் அந்த ரப்பரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனாள். திட்டுவது நின்றால் பயம் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. புது வீடுகள் வரிசையாக, வெள்ளைச் சுண்ணாம்பும் பச்சைக் கதவுமாக நின்றன. கொடியில் துணி அசையவில்லை. நாய் குரைக்கவில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்தினாள். அவளுக்கு அந்த இடம் தெரியும், அவள் போட்ட கோடு அங்கேதான் தெருவைக் குறுக்கே வெட்டுகிறது.

கேமராவைக் கண்ணுக்கு வைக்கத் தைரியம் வரவில்லை. ஓரடி எடுத்து வைத்தாள். கால் பட்டது காய்ந்த புழுதி. காதில் கேட்டது சளக்.

அடுத்த அடி. சளக்.

முழங்காலில் குளிர் ஏறியது. பிறகு இடுப்பில். புடவை காய்ந்தே இருந்தது. ஆனாலும் நடக்க முடியவில்லை, ஏதோ எதிர்த்துத் தள்ளியது. மூச்சு வாங்க, தள்ளிக்கொண்டே போனாள்.

தங்கையின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தின் நடுவில் தங்கை நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் குழந்தை. தலைக்கு மேலே சட்டத்துக்குள் அந்த வரைபடம். தங்கையின் முடி கலையவில்லை. தரையில் துளி ஈரமில்லை. சாளரத்து வெயில் சிமெண்டில் மஞ்சளாக விழுந்திருந்தது.

அவளுக்கு உயிர் வந்தது. கூடவே அழுகையும் ஆத்திரமும்.

"போனை ஏன்டி எடுக்கல? சொன்னா கேக்க மாட்டியா? வா வெளிய!"

"வாக்கா" என்றாள் தங்கை. தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. "ஏன் வாசல்லயே நிக்கிற? உள்ள வா."

"வெளிய வாங்கறேன்ல!"

"நீ சொன்ன இடம்தானேக்கா. உன் பேர் போட்டிருக்கே."

தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிமை மூடவில்லை. இடுப்பில் குழந்தையும் சிரித்தது. அவளைப் பார்த்துப் பிஞ்சுக் கையை நீட்டி, மூடி, திறந்து, மூடி, வா வா என்றது.

கை தானாகக் கேமராவைத் தூக்கியது.

திரையில் கூடம் இல்லை. கறுப்பு. சுவரிலிருந்து சுவர் வரை, அசையாத, வழவழப்பான கறுப்பு. வாசலில் நின்ற அவள் மார்பு வரை அதுதான்.

நடுவில் வெள்ளையாக ஒரு முகம். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. மேலே, சட்டம் மட்டும் நனையாமல்.

குழந்தையைத் தேடினாள். காணோம். கேமராவை நகர்த்தினாள். காணோம்.

முகத்துக்குப் பக்கத்தில் கறுப்பு லேசாக நெளிந்தது. அதிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கை மணிக்கட்டு வரை எழும்பி நின்றது.

மூடியது. திறந்தது. மூடியது.