எந்த அறை?

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் கேட்ட லிப்ட்தான் அனன்யாவை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஒரு பெண் குரல். சொற்கள் இல்லை, வெறும் முணுமுணுப்பு. அதற்கு அடியில் எங்கோ ஒரு லிப்ட், "தயவுசெய்து கத... கத... கதவை மூடவும்" என்று திக்கியது. அபிராமபுரத்தில் அவள் குடியிருக்கும் கட்டடத்தின் லிப்டும் சரியாக அந்த இடத்தில்தான் திக்கும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசிப் பேசி எல்லோருக்கும் சலித்துவிட்டது.

பேர் தெரியாத பாடகர்களைத் தேடிப் பிடிப்பது அனன்யாவின் தொழில். தாங்களே எழுதி, தாங்களே பாடி, வீட்டு மூலையில் தாங்களே பதிவு செய்து, சொந்த அத்தை மாமா கூடக் கேட்காமல் கிடக்கும் பாட்டுகளைத் தோண்டி எடுத்துத் தன் சேனலில் போடுவாள். அதில் அவளுக்கென்று ஒரு வித்தை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, பாட்டு எந்த அறையில் பதிவானது என்று சொல்லிவிடுவாள். குளியலறை ஓடு குரலைத் தூக்கிக் கொடுக்கும். புடவை அடுக்கிய பீரோ அமுக்கும். போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடினால் நம் காதுக்குள்ளேயே வந்து பாடுகிற மாதிரி இருக்கும். பாடகர் முதலில் ஒரு தடவை கை தட்ட வேண்டும் என்பது விதி. அந்தத் தட்டல் சுவரில் பட்டுத் திரும்புகிற விதத்தில் அறை பிடிபட்டுவிடும்.

ஐந்து வயது மகள் கயலுக்கும் வீட்டில் இதே விளையாட்டுதான். எங்காவது ஒளிந்துகொண்டு பட்டென்று ஒரு தட்டு தட்டுவாள். "அம்மா, நான் எந்த ரூம், சொல்லு!" அனன்யா ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இன்று விளையாட்டு இல்லை. கயலுக்குக் காய்ச்சல். தைலம் தடவி, போர்வை போர்த்திப் படுக்கையறையில் தூங்க வைத்திருந்தாள். காலையிலிருந்து விடாத மழை. கணவன் ஜெயராம் வேளச்சேரியில் தண்ணீருக்கு நடுவே ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தான். கூடத்துக் கொடியில் காயாத துணிகளின் முடை நாற்றம், மாலைக்கு முன்பே கவிந்துவிட்ட இருட்டு, இன்வெர்ட்டரின் சன்னமான ரீங்காரம் எல்லாம் சேர்ந்து வீடே ஈரச்சாக்குக்குள் கிடப்பதுபோல் இருந்தது.

பாடகரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது. கேட்டவர் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒன்று அவள்தான்.

எழுந்துபோய் வாசல் கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். லிப்ட் முன்னால் யாரும் இல்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இண்டர்காமில் காவலாளி பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டாள்.

"நம்ம மாடிக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரும் வர்லமா. இந்த மழைல எவன் வருவான்? லிப்ட்டுதான் சும்மா மேலயும் கீழயும் போய்க்கினு கீது. இன்னா கோளாறோ தெரில."

அடுத்து ஜுவேரியாவுக்குப் போன் போட்டாள். சேனலுக்கு வரும் கடிதங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் கூட்டாளி அவள்.

"அந்தப் புள்ளி யாருடி?"

"யாருக்குத் தெரியும்? பாட்டு அனுப்பிச்சுது. நாமளும் வழக்கமா அனுப்புற பதில அனுப்பினோம்."

வழக்கமான பதிலை எழுதியவள் அனன்யாதான். பாட்டுகள் குவிந்து கிடக்கும். அத்தனையையும் யார் கேட்பது? அதனால் கேட்காமலேயே எல்லோருக்கும் ஒரே பதில் போகும். 'உங்கள் பாட்டைக் கேட்டோம். மனதைத் தொட்டது. எங்கள் வீட்டுக்கு வாருங்கள், உங்களுக்குப் பிடித்த அறையில் பாடலாம்.' ஒரு மரியாதைக்குச் சொல்வதுதானே. வாங்கிக்கொண்டவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

"இது மட்டும் 'வரேன்'னு போட்டிருக்கு அனன்யா," என்றாள் ஜுவேரியா.

"விளையாடாதடி. ஆத்துல குழந்தையும் நானும் தனியா இருக்கோம்."

போனை வைத்ததும் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். கயல் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சளி கட்டிய மூச்சு மெல்ல விசில் அடித்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சும்மா பயந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

புள்ளியிடமிருந்து இன்னொரு பாட்டு வந்திருந்தது.

ஹெட்போனை மாட்டினாள். அதே முணுமுணுப்பு, இப்போது கொஞ்சம் தைரியமாக. கண்ணை மூடியதும் அறை தானாகப் பிடிபட்டது. கிரானைட் மேடை. எவர்சில்வர் தட்டு அடுக்கிய தாங்கி. ஒவ்வொரு சுரத்துக்கும் தட்டுகள் லேசாகச் சிணுங்கின. கிழட்டு பிரிட்ஜின் முனகல். சமையலறை. அந்த முனகலுக்கும் அப்பால், தொலைவில், கூடத்திலிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல் கேட்டது.

'விளையாடாதடி. ஆத்துல குழந்தையும் நானும்...'

அவள் குரல். சற்று முன் பேசியது. சமையலறையில் நின்றபடி யாரோ கேட்டது.

தோசைக்கரண்டியோ கத்தியோ, கையில் எது கிடைத்தாலும் சரி என்று சமையலறைக்கு ஓடினாள். காது சொன்ன இடத்துக்கு ஓடினாள். குழந்தை இருந்த இடத்துக்கு ஓடவில்லை.

அங்கே யாரும் இல்லை. தட்டுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. ஆணியில் தொங்கிய கரண்டி ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து, மெதுவாக நின்றது.

கழுத்தில் கிடந்த ஹெட்போனில் அடுத்த பாட்டு தானாகத் தொடங்கியது.

அதைக் காதில் வைக்கவே வேண்டியிருக்கவில்லை. எதிரொலி துளியும் இல்லாமல், அமுங்கி, மிக நெருக்கமாக ஒலித்தது. போர்வைக்குள் பாடுகிற குரல். அதை ஒட்டி இன்னொரு சத்தம். சின்ன மூச்சு. சளி கட்டிய மூச்சு. மெல்லிய விசில்.

"கயல்!"

கத்திக்கொண்டே ஓடினாள். கட்டிலில் போர்வை மேடாக இருந்தது. ஒரு குழந்தைக்கு அது பெரிய மேடு. பிடித்து இழுத்தாள்.

மெத்தை. தலையணை. தைல வாசனை. மெத்தையில் கை வைத்தால் இன்னும் காய்ச்சலின் சூடு.

கட்டிலுக்கு அடியில் இல்லை. பீரோவில் இல்லை. குளியலறை, பரண், பால்கனி, துணிக்கூடை. இல்லை. வாசல் கதவில் அவள் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பால்கனிக் கம்பி வலை அப்படியே இருந்தது. பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. குழந்தையை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாயே, போனாயே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நாலாவது பாட்டு வந்தது.

இரண்டு குரல்கள். பெண் குரலுக்குப் பக்கத்தில் மூக்கடைத்த ஒரு சின்னக் குரல், சுரம் தப்பாமல் பாடியது. பாட்டு நின்றது. கயல் சிரித்தாள். ஒளிந்துகொண்டு சிரிக்கும் அதே சிரிப்பு.

"அம்மா, நான் எந்த ரூம், சொல்லு!"

அனன்யா கூடத்தின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடினாள். இதுதானே அவள் வித்தை. தோற்றதே இல்லையே. ஓடா? மரமா? துணியா? காத்திருந்தாள். விதிப்படி கயல் ஒரு தடவை கை தட்டினாள்.

சத்தம் போனது. போய்க்கொண்டே இருந்தது. எதிலும் படவில்லை.

மறுபடி போட்டுக் கேட்டாள். மறுபடி. வெளியே லிப்ட் திக்கியது. யாரோ கதவை இடித்தார்கள். "அனன்யா! அனன்யா, கதவைத் திற!" ஜெயராமின் குரல். வேளச்சேரியிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்திருந்தான். அவள் எழவில்லை. உதட்டில் விரலை வைத்து, மூடிய கண்களோடு கதவின் பக்கம் தலையைத் திருப்பி, "ஷ்ஷ்" என்றாள். சத்தம் இருந்தால் அறை பிடிபடாது.

ஹெட்போனில் கயல் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அம்மா? சொல்லும்மா."

ஒரு தட்டு.

சுவர் இல்லை.

"அம்மா, சீக்கிரம் சொல்லு."

இன்னொரு தட்டு.