எண்பதாம் போர்ட்டில் பதில்

‘நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை’ என்றது திரை. விஜய்ஆனந்த் மறுபடி அடித்துப் பார்த்தான்; அதே பதில். மூன்று மாதமாக மதியச் சாப்பாடு முடிந்ததும் அவன் தவறாமல் திறந்து பார்க்கிற பக்கம் அது. இறந்துபோன மனைவி ஸ்ரீவர்ஷினி தானே செய்தது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசினாலும் இதைத் தமிழில்தான் எழுதியிருந்தாள்: நாலு போட்டோ, ரெண்டு சமையல் குறிப்பு, அவன் குறட்டையைப் பற்றி ஒரு கேலி. அவளைப் பார்க்க அவனுக்கு மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

தல்லாகுளத்தில் ஒரு மாடியில் இரண்டு அறை, அதுதான் அவன் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை, வேறு யாருமில்லை. கீழே பஸ்கள் உறுமிப் போக, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் மெல்ல நீள, சூடேறிய பிளாஸ்டிக் வாடையோடு, அவள் பக்கத்தை வைத்திருந்த சர்வர் இரைந்துகொண்டிருந்தது. கூடவே எங்கிருந்தோ பினாயில் வாடையும் வந்தது. கூட வேலை பார்க்கும் சூரியபிரகாஷுக்குப் போன் போட்டான்.

“அண்ணே, காலையில சர்வரோட வாசல் நம்பர, அந்த போர்ட்ட, 80-லேருந்து 8080-க்கு மாத்துனீங்கள்ல? பழைய அட்ரஸையே அடிச்சிருப்பீங்க. புதுசுல அடிங்க.”

அடித்தான். போட்டோவில் ஸ்ரீவர்ஷினி சிரித்தாள். அவனுக்கு மூச்சு வந்தது.

“வந்துருச்சுப்பா. பழசுல பக்கம் இல்லைன்னு சொல்லுச்சு, அதான் பயந்துட்டேன்.”

சூரியபிரகாஷ் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

“அப்புடி வராதேண்ணே. 80-ல இப்ப ஒண்ணுமே ஓடல. கனெக்ட்டே ஆகலைன்னுதான் வரணும். இல்லைன்னு சொல்றதுக்கும் அங்க ஒரு ஆள் இருக்கணும்ல?”

போனை வைத்துவிட்டு சர்வரையே அணைத்தான். பழைய முகவரியை அடித்தான். ‘இங்கே இல்லை’ என்று பதில் வந்தது. தன் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். அப்போதும் வந்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவளாக இருந்துவிடட்டுமே என்று ஏங்கினான். மாட்டுத்தாவணி அருகே பஸ் மோதி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மதியம், செல்போனை அணைத்து வைத்துவிட்டு யாருடைய சர்வரையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிவரை அவனைத்தான் கேட்டாள் என்று நர்ஸ் சொன்னாள். அதை நினைக்காத நாளில்லை.

முகவரியின் கடைசியில் இருந்த அவள் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தான்.

திறந்தது.

அவள் அடிபட்ட தேதி. கீழே வரிவரியாக நேரங்கள்.

2.30. அவர் வந்துட்டாரா? இல்லை.

2.45. அவர் வந்துட்டாரா? இல்லை.

நாலு மணிக்கு அவள் உயிர் போயிருந்தது. பட்டியல் நிற்கவில்லை. 4.15. 4.30. மறுநாள். அதற்கு மறுநாள். மூன்று மாதமும், கால் மணிக்கு ஒரு தடவை கேட்டிருந்தாள். வாய்விட்டு அழுதான்.

“வந்துட்டேன் வர்ஷினி. இங்கதான் இருக்கேன்.”

கடைசி வரியில் இன்றைய தேதி. 3.15. இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை.

புது வரி வந்தது. அவர் வந்துட்டாரா?

பஸ் சத்தம் இல்லை. பினாயில் வாடை. மிக அருகே.

வந்துட்டார்.

மவுஸ் மேலிருந்த அவன் கையின் மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. குளுக்கோஸ் ஏற்றிய ஊசியும் பிளாஸ்திரியும் அப்படியே இருந்தன. ஜில்லென்ற விரல்கள், ஒவ்வொன்றாக, இறுக்கிக்கொண்டன.