பசியில்லாத செல்கள்

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இப்போதே கொட்டட்டும்.

மனைவி போனபின் துப்பறிவாளருக்கு மிஞ்சியது மச்சினன் ஒருவன்தான். ஒரு திங்கட்கிழமை காலை, ஆய்வுக்கூடத்து அம்மாள் ஒருத்தி அவரைத் தேடி வந்தாள்.

அவள் செய்வது லிப்போசோம்: கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழி. உள்ளே மருந்து, மேலே முடி முளைத்தாற்போல ஃபோலிக் அமிலம் என்ற சத்தைக் கோத்துவிடுவாள். அந்தச் சத்துக்கு ஆலாய்ப் பறக்கும் புற்றுநோய்ச் செல், அதைப் பிடித்துக் குமிழியோடு விழுங்கிவிடும். விடுமுறை கழிந்த திங்கட்கிழமைகளில் மட்டும் செல்கள் வாயைத் திறப்பதில்லை.

"நாளைக்கு இயக்குநருக்குப் பதில் சொல்லணும் சார். இல்லேன்னா ப்ராஜெக்டை மூடிடுவாங்க. பக்கத்து மேஜைக்காரர்தான் ஏதோ விஷம் கலக்கறார். அவர் ப்ராஜெக்டைப் போன வருஷம் மூடிட்டாங்க, அந்த வயித்தெரிச்சல். புகார் எழுதிட்டேன். கொடுத்தா அவர் வேலை போயிடும்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"பேசினதே இல்ல சார்."

ஆய்வுக்கூடத்தில் அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மச்சினன் நின்றுகொண்டான். அவள் எடுத்துக் காட்டிய குடுவையைப் பார்த்ததும் துள்ளினான்.

"ரோஸ் கலர்ல பளபளன்னு இருக்கு அத்தான்! விஷமேதான்!"

"கத்தாதே," என்றார் அவர். அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இது செல்லுக்குச் சாப்பாடு," என்றாள். "ஃபோலிக் அமிலம் இல்லாததா தனியா வாங்கறது. வெள்ளிக்கிழமை ஊத்தினா இன்னிக்கு மஞ்சளாகியிருக்கணும். ஆகல. செல் சாப்பிடல."

துப்பறிவாளர் நுண்ணோக்கியில் குனிந்தார். உள்ளே திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்தன செல்கள்.

"பட்டினி கிடந்தது இப்படிக் கொழுக்குமா? சாப்பிட்டிருக்கு. மறுபடி யாரோ புதுசா ஊத்தியிருக்காங்க. உங்க பாட்டில் குறைஞ்சிருக்கா?"

"இல்லையே."

"பக்கத்து மேஜைப் பாட்டில் பாதி காலி. செல்லே வளர்க்காத மனுஷனுக்குச் சாப்பாடு எதுக்கு?"

"கொலைகாரன்!" என்றான் மச்சினன். யாரும் பொருட்படுத்தவில்லை.

பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு.

"லீவு நாள்ல வீட்டுல சுவரைத்தான் பாக்கணும். அதான் இங்க வந்து உக்காருவேன். உங்க செல்லெல்லாம் மஞ்சத் தண்ணியில கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு. என்கிட்ட இருந்ததை ஊத்தினேன்."

"ஐயோ, அது சாதாரணச் சாப்பாடு! ஃபோலிக் அமிலம் நிறைய இருக்கும்!"

"அவ்வளவுதான் விஷயம்," என்றார் துப்பறிவாளர். "வயிறு நிறைஞ்சவன் குமிழிக்கு எதுக்குக் கதவைத் திறக்கப்போறான்? நாளைக்கு இதையே சொல்லுங்கம்மா. அந்தச் சத்துக்குப் பசிச்ச செல்தான் உங்க குமிழியை விழுங்குதுன்னு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது."

அம்மாள் புகாரை நான்காகக் கிழித்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க நிமிர்ந்தே பாக்க மாட்டீங்களே."

அவள் குடுவையை எடுத்து மூடிவைத்தாள். "சனிக்கிழமை நானும் வரேன். எதை ஊத்தணும்னு காட்டறேன்."

வழியெல்லாம் மச்சினன் வாய் ஓயவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல அத்தான், அவர் நல்லவர்னு!"

"சொன்னேடா, சொன்னே," என்று சிரித்தபடியே துப்பறிவாளர் வீட்டுப் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டார்.

அவர் மனைவிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது.