அடைப்புக்குறி எடுத்த வரி

மாடியில் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். அந்த மாடி வீட்டில் இப்போது மிச்சமிருப்பவர் தையல்காரர் ஒருவர்தான். அவரோ கீழ்வீட்டில் இவன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, நீங்க போட்ட ஜெபம் பலிச்சிடுச்சு” என்றார். அவர் சட்டையில் மருந்தும் வாடிய பூவும் கலந்த வாசனை. மேலே ஈரத்துணியை இழுப்பதுபோல் ஒரு காலடி, பிறகு இன்னொன்று, மங்கும் வெளிச்சத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நிதானமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

பைபிளில் சேர்க்காமல் விட்ட ஆதிகாலக் கிறிஸ்தவ எழுத்துகளைப் பற்றி அவன் ஒரு வலைப்பூ நடத்திவந்தான். வாசகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; அதில் ஒரு விரல் அவனுடையது. சென்ற வாரம் பாப்பிரஸ் என்னும் பழைய நாணல்தாள் துண்டு ஒன்றை மொழிபெயர்த்தான். இறந்த சிறுமியின் கட்டிலருகே ஒரு சீடர் ஜெபிக்கிறார்; அதற்குமேல் பூச்சி தின்றுவிட்டது. தின்ற இடத்தை ஊகித்து நிரப்பலாம், ஆனால் சதுர அடைப்புக்குறிக்குள். அந்தத் துறையில் அதுதான் நாணயம். ‘அவள் எழுந்து நடந்தாள்’ என்று நிரப்பினான். படிக்க இடறுகிறதே என்று அடைப்புக்குறியை எடுத்துவிட்டான்.

நேற்றுக் காலை, தையல்காரரின் மகள் குட்டிம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவர் அழுதபடி வந்து அந்தப் பதிவைக் காட்டி, “நெஜமாவே இப்படி இருக்கா தம்பி?” என்று கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையாட்டினான். பாதி, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று. மீதி, ஒரு வாசகர் கூடினாரே என்ற அற்பத்தனம்.

“நடக்குறா தம்பி. ஆனா நிக்க மாட்டேங்குறா. கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கல. பாதமெல்லாம் தேஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் என்ன இருக்குன்னு சொல்லுங்க.”

“அண்ணே... அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. அந்த வரியே இல்ல. நானா எழுதுனது.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகம் மலர்ந்தது.

“உங்க வரியா? அப்ப மிச்சத்தையும் நீங்களே எழுதிடுங்க. புள்ளைக்குக் கால் வலிக்கும்ல.”

மேலே காலடி. சுவர்வரை. திரும்பல். இப்போது ஈரச் சத்தம் இல்லை. எலும்பு.

கணினிமுன் உட்கார்ந்தான். அந்த வரியை அழித்தால் அவள் விழுவாள். அதை இந்த மனிதர் இரண்டாம் தரம் பார்க்க வேண்டும். முடியவில்லை அவனால்.

‘பிறகு அவள் உட்கார்ந்தாள்.’ வெளியிட்டான்.

மாடி அடங்கியது.

அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

எங்கே என்று எழுதவில்லை.

அவன் மடி கனத்தது. சில்லென்று.

பின்னோடு உள்ளே வந்திருந்த தையல்காரர் குனிந்தார். பார்வை இவன் முகத்தில் இல்லை. மோவாய்க்குக் கீழே. அவ்வளவு ஆசையாக.

“மாமா மடிதான் வேணுமா உனக்கு, கள்ளி?”

சின்னக் கைகள் இரண்டு இவன் கழுத்தைச் சுற்றி இறுகின. கைகளைப் பற்றி அவன் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.