கணக்கில் வேறொருவர் இருக்கிறார்

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் மூன்று மாடியும் ஏறினாள். கீழே சாவியைக் கொடுக்கும்போது காவலாளி ஒரு நொடி அதை விடாமல் பிடித்துக்கொண்டே, அண்ணன் ரூமில் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். நாலு மாதமாகப் பூட்டித்தானே கிடக்கிறது என்றாள். அவரும் பக்கத்து அறைக்காரரிடம் அதைத்தான் சொன்னாராம். அந்த ஆளுக்கு ராத்திரி வேலை; சாயங்காலம்தான் தூக்கம். ஆறு மணி ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் டக் டக்கென்று சத்தம் வருகிறது என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது வந்து நிற்கிறாராம்.

“தண்ணிக் குழாயா இருக்கும்மா,” என்று அவரே சொல்லிவிட்டுச் சாவியை விட்டார்.

கதவைத் திறந்ததும் சூடான தூசி வாசனை வந்தது. வெகுநேரம் ஓடிய கணினியின் பின்பக்கத்தில் வருமே, அந்த வாசனை. ஆனால் கணினி அங்கே இல்லை. காரியங்கள் முடிந்த வாரமே அதைப் பெரியப்பா மகன் எடுத்துப் போய், எல்லாவற்றையும் அழித்துத் தன் கடைக்கு வைத்துக்கொண்டான். மேசையில் அது நின்ற இடம் மட்டும் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. எதிரே நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான், காதில் ஹெட்ஃபோனோடு, அண்ணனின் இதயம் நின்றுபோனது.

அவள் மேசைப் பக்கம் போகவில்லை. எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து தன் மேக் மடிக்கணினியைத் திறந்தாள்.

பாடப்புத்தக அச்சகத்தில் பக்கம் கோர்க்கிற வேலை அவளுக்கு. எதையும் எண் போட்டு எழுதி வைத்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். எழுதிய பிறகும் சரியாகத்தான் எழுதினோமா என்று இன்னொரு முறை பார்ப்பாள். அண்ணன் ஆடிவந்த இணைய விளையாட்டை மேக்கில் ஓட வைக்க மூன்று சாயங்காலங்கள் பட்ட பாட்டையும் அப்படித்தான் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தாள். விளையாட்டு விண்டோஸுக்கு மட்டும் செய்தது. ஆனால் மேக்குக்குள்ளேயே ஒரு சின்ன விண்டோஸைக் குடிவைக்கிற மென்பொருள் இருக்கிறது. அதை நிறுவும்போது, மேக்கின் கோப்புகளை உள்ளே இருக்கும் விண்டோஸும் பார்க்கலாமா, எழுதலாமா என்று கேட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டாள்.

மூன்று சாயங்காலம். அவ்வளவுதான் ஆயிற்று.

அந்தக் கணக்குதான் அவளை அரித்தது. மூன்று வருடமாக அண்ணன் கூப்பிட்டிருக்கிறான். ஐந்தடி இரண்டு அங்குலம் இருந்துகொண்டு விளையாட்டில் நெடுமரம் என்று பெயர் வைத்துக்கொண்டவன். அங்கே ஒரு தெருவில் வீடு கட்டியிருப்பதாகவும், இரண்டு நாற்காலி போட்டிருப்பதாகவும், ஒன்று அவளுக்கு என்றும் சொல்லுவான். நீ எப்போது வந்தாலும் என் கணக்கிலேயே ஏறிப் பார் என்று கடவுச்சொல்லைக்கூட அவள் பிறந்த தேதியாக மாற்றி வைத்தான். ஒவ்வொரு முறையும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான். என் மேக்கில் அது ஓடாது. ஓட்டிப் பார்த்ததே இல்லை. கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்கும், “இன்னைக்காவது வாயேன் கொசு,” என்று அனுப்பியிருந்தான். அதற்கும் அதே பதிலை அனுப்பிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

போன வாரம் அண்ணனுடைய கூட்டாளி ஒருவர் அவளைத் தேடிப்பிடித்து எழுதினார். விளையாட்டில் அவர் பெயர் வைத்தியர். வெளியே லாரி உதிரிபாகக் கிடங்கில் வேலை, வாழ்க்கையில் யாருக்கும் ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. சொந்தக்காரன் நூற்றிருபது நாள் கால் வைக்காத வீட்டை விளையாட்டு தானாகவே இடித்துவிடுமாம். அவன் போன நாளிலிருந்து அவர் எண்ணிப் பார்த்ததில், இன்று இரவு எட்டு மணியோடு நாள் முடிகிறது. அண்ணன் உள்ளே ஏதோ நோட்டும் எழுதி வைத்திருந்தான், அதுவும் சேர்ந்து போய்விடும் என்றார். புது இடத்திலிருந்து நுழைந்தால் அண்ணனின் கைபேசிக்கு ஓர் எண் வரும். அவன் அறையின் இணைப்பில் என்றால் கேட்காது. அதனால்தான் இங்கே வந்தாள்.

மணி ஆறு நாலு. பெயரையும் பிறந்த தேதியையும் அடித்தாள்.

‘இந்தக் கணக்கில் வேறொருவர் இருக்கிறார். அவரை வெளியேற்றவா?’

வைத்தியருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டாள். பழைய தொடர்பு ஏதாவது அறுபடாமல் தொங்கிக்கொண்டிருக்கும், ஆம் என்று கொடுங்கள் என்றார். கொடுத்தாள்.

அறையில் ஏதோ ஒரு சத்தம் நின்றது. நின்ற பிறகுதான், அதுவரை ஒரு சத்தம் இருந்ததே தெரிந்தது.

திரையில் ஒரு தெரு வந்தது. நெடுமரம் ஒரு வீட்டு வாசலில் நின்றான். அவனைக் கதவுப் பக்கம் திருப்புவதற்குள், மேசைப் பக்கமிருந்து கேட்டது.

டக் டக்.

திரை இருண்டது. ‘வேறொருவர் நுழைந்ததால் நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்.’

அவள் மேசையைப் பார்த்தாள். வெளிறிய சதுரம். நாற்காலி. குழாய்தான் என்று சொல்லிக்கொண்டாள். தன் அமைப்பில்தான் தப்பு இருக்க வேண்டும். எப்போதும் தப்பு தன்னிடம்தான் இருக்கும். கோப்பில் புதுப் பக்கம் தொடங்கி எழுதினாள்: 1. ஆறு நாலு. நுழைந்தேன், தள்ளிவிட்டது.

மறுபடி நுழைந்தாள். மறுபடி அதே கேள்வி. ஆம் என்றாள். மேசை அமைதியானது. வீட்டுக்குள் இரண்டு அடி வைத்தாள்.

டக் டக்.

இருட்டு.

மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு முறையும் சத்தம் முதலில், இருட்டு அப்புறம். வரவர அந்தச் சத்தம் அவசரப்பட்டது. ஆறாவது முறை அது டக் டக்கென்று இல்லை. ஒரே பொத்தானை யாரோ பதறிப்போய் அமுக்குவது போல இருந்தது.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். எட்டு மணிக்கு வீடு போய்விடும். இந்த ஒரு காரியத்தையாவது அவனுக்காக முடித்துவிட வேண்டும்.

ஏழாவது முறை ஆம் என்று கொடுத்தாள்.

இந்தத் தடவை சத்தம் வரவில்லை. யாரோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பது போல அறை அசையாமல் இருந்தது.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. இரண்டு நாற்காலிகள். ஒன்றின் முதுகில் ‘கொசு’ என்று எழுதியிருந்தது. நடுவில் மேசைமேல் நோட்டு. திறந்தாள். தேதி போட்டு வரிகள், முற்றுப்புள்ளி இல்லாமல், அவன் எழுதுகிற மாதிரியே.

‘ஆறு மணி ஆச்சு கொசு வரலை’

‘இன்னைக்கும் வரலை பாவம் அவ மேக்ல ஓடாது’

பக்கம் பக்கமாக அதுதான். புரட்டினாள். அவன் இறந்த தேதி வந்தது. வரி இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

அதற்கு மறுநாளும்.

ஒரு நாள்கூட விடுபடவில்லை. கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி.

‘யாரோ என்னை வெளியே தள்றாங்க ஆறு தடவை ஆச்சு வெளியில ஒண்ணுமே தெரியலை இந்த வீட்டை விட்டா எனக்கு வேற இடம் இல்லை’

வாசல் பக்கம் வீட்டுச் சொந்தக்காரனின் வருகையைக் காட்டும் பலகை இருந்தது. அதை அமுக்கினாள். ‘இன்றைக்கு முன் கடைசியாக உள்ளே வந்தது: நேற்று, ஆறு மணி. இடிக்க மீதி நாட்கள்: நூற்றிருபது.’

வீட்டுக்கு எந்த ஆபத்தும் இருந்ததே இல்லை. வைத்தியருக்கு அனுப்பினாள்.

“நான் அவன் போன தேதியை வச்சுத்தாம்மா எண்ணினேன்,” என்று வந்தது. “அந்தத் தெருப் பக்கம் போகவே மனசு வரலை.”

அவள் உடனே வெளியேறினாள். பொத்தான் பொத்தானாக, ஒன்றும் விடாமல், முறைப்படி. பிறகு வெறும் நாற்காலியைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

“நான்தாண்ணா தள்ளினது. தெரியாம பண்ணிட்டேன். வழி விட்டாச்சு, நீ போ.”

டக் டக்.

டக் டக்.

டக் டக் டக் டக்.

அவளுடைய திரையில் விளையாட்டின் முகப்பு தானாக மாறியது. ‘இந்தக் கணக்கிலிருந்து ஒரே மாலையில் ஏழு முறை ஒருவர் வெளியேற்றப்பட்டிருக்கிறார். கணக்கு திருடப்பட்டிருக்கலாம். சொந்தக்காரரின் கைபேசிக்கு அனுப்பிய எண்ணை இட்டால் மட்டுமே இனித் திறக்கும்.’

அந்தக் கைபேசி எண்ணை அப்பா போன மாதமே ரத்து செய்திருந்தார்.

மேசையில் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அது நின்றது. நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது, உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் வருகிற மாதிரி.

அறையைக் காலி செய்து கொடுத்தாயிற்று. விளையாட்டு நடத்துபவர்களுக்கு அவள் பதினோரு கடிதம் எழுதினாள். சொந்தக்காரர் நேரில் எண்ணை இட வேண்டும் என்று பதினோரு தடவையும் ஒரே பதில் வந்தது. இப்போதெல்லாம் தினமும் அந்தத் தெருவுக்குப் போய்வருகிறார் வைத்தியர். வீடு நிற்கிறது, விளக்கும் எரிகிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது என்றார். பக்கத்து அறைக்காரர் நன்றாகத் தூங்குகிறார் என்று காவலாளி சொன்னார்.

மேக்கில் இருந்த சின்ன விண்டோஸை அவள் அழித்துவிட்டாள். சரியாக அழிந்ததா என்று இரண்டு முறை பார்த்தாள். நாலு வாரம் கழித்து, அந்தக் குறிப்புக் கோப்பு மட்டும் எதற்கு என்று, அச்சகத்தில் எல்லோரும் கிளம்பிய பிறகு அதைத் திறந்தாள்.

கடைசிப் பக்கத்தில் ஏழு வரி அவளுடையது.

அதற்குக் கீழே எட்டு இருந்தது. ‘ஆறு நாலு திறக்கலை’. ஒன்பது. பத்து. நாளுக்கு ஒரு வரி, அவளைப் போலவே எண் போட்டு, முற்றுப்புள்ளி இல்லாமல், முப்பத்து மூன்று வரைக்கும்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மூன்று.

கைகளை விசைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் 34 என்று விழுந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, பழகாத விசைப்பலகையில் தேடித் தேடி அடிப்பவனைப் போல மெதுவாக வந்தது.

‘நீ சொன்னது சரிதான் கொசு உன் மேக்ல ஓடலை’

அவள் அசையவில்லை. அடுத்த வரியில் 35 வந்து, அதன் பக்கத்தில் கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது.