படையல் அறையில் ஆர்கன்

லோஜினி கீபோர்டுக் கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். ஆர்கன் ஒலி மட்டும் ஒரு மூச்சு நேரம் கூடுதலாக நின்று, பிறகு ஓய்ந்தது.

சோலைமலை அதைக் கவனித்தார்; களைத்துப்போன காதின் கோளாறு என்று விட்டுவிட்டார். மகனின் முதல் திவசம். விடிந்ததிலிருந்து நின்ற கால்கள் கடுத்தன. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துப் பனி சன்னல் இடுக்கு வழியே நுழைந்து, சாம்பிராணிப் புகையோடும் ஆறுகிற கோழிக் குழம்பின் வாசனையோடும் கலந்து, செத்துப்போன வினோஜனின் அறையில் ஈரத்துணி போலத் தொங்கியது.

மேசைமேல் இரண்டு கீபோர்டுகள். ஒன்று வினோஜன் வாசித்தது, மற்றது புதிது. நாளை தலவாக்கலையில் ஒரு கல்யாணம். அவன் போனபின் முதல் தடவையாகக் குடும்பத்து இசைக்குழு மேடையேறுகிறது, அண்ணன் இடத்தில் தங்கை லோஜினியை வைத்துக்கொண்டு. எதைத் தூக்கிக்கொண்டு போவது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டிலும் ஒரே பாட்டை வாசித்துக் காட்டியிருந்தாள். பியானோ ஒலியில் வைத்தபோது பழையது தகரம் தட்டினாற்போல் இருந்தது. புதியது நிறைந்து ஒலித்தது. ஆர்கன் ஒலியில் புதியது வழவழவென்று ஓடியது. பழையதற்கு ஒரு தொண்டை இருந்தது.

“ஆர்கனுக்கு அண்ணனோடதுதாங்கப்பா. பியானோ, கட்டைய அமுக்கிக்கிட்டே இருந்தாலும் அடங்கிரும். ஆர்கன் வெரல் இருக்கிற வரைக்கும் நிக்கும். கொரல் நல்லா இருக்கணும்ல.”

“பழச தூக்கிட்டுப் போனா சோலைமலை வீடு நொடிச்சிருச்சும்பாங்க. புதுசையே எடு.”

அவள் இரண்டின் மின்வயரையும் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

இலையில் சோறும் குழம்பும் படைத்து, வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். செத்தவன் வந்து சாப்பிட்டுப் போகும்வரை திறக்கக் கூடாது. போன வருடம் கருமாதியன்று சோலைமலை முந்தித் திறந்துவிட்டார். வந்தவர்கள் பசியோடு காத்திருந்தார்கள். விருந்தாளியைக் காயப்போட்ட வீடு என்று பேர் வந்துவிடும். இலை அப்படியே இருந்தது. அண்ணன் சாப்பிடவில்லை என்று லோஜினி அன்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

இப்போதும் வாசலில் குடை மடக்கும் சத்தம். உறவுக்காரர்கள்.

உள்ளே ஆர்கன் எழுந்தது.

தாழ்ந்த ஒரே சுரம். பலகைக் கதவைத் தடவிக்கொண்டு வந்து அவர் பல்லுக்குள் நின்றது. பழையதன் தொண்டை. அடங்கவில்லை.

லோஜினியின் மடியில் வயர்கள். இரண்டும்.

“தொறக்காதீங்கப்பா. சாப்பிடட்டும்.”

வாசலில் பேச்சு நின்றது. கேட்கிறார்கள். சோலைமலையின் மகன் பட்டினியாக அலைகிறான் என்று நாளை கல்யாணப் பந்தி முழுக்கப் பேசும்.

அவர் தாழ்ப்பாளை நீக்கினார்.

ஒலி நிற்கவில்லை.

புகை. பனி. ஆள் இல்லை. இலையில் சோறு பாதி. மீதியில் விரல்கள் அளைந்த தடம். பழைய கீபோர்டு துடைத்து வைத்தாற்போல் கிடந்தது.

புதியதில் ஒரு வெள்ளைக் கட்டை அமுங்கியிருந்தது. அதன்மேல் குழம்பு. ஒரு சோற்றுப் பருக்கை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பருக்கை மெதுவாக நசுங்கியது.