வழிவிட்டவர்கள்

பெர்மெத் முதலில் அதைத் தன் கண்ணின் அசதி என்றுதான் நினைத்தாள். பிஷ்கெக்கின் குளிர்கால மதியம். ஊர் முழுக்க எரியும் நிலக்கரியின் புகை ஜன்னல் கண்ணாடியில் பழுப்பாகப் படிந்து, வெளியே மரங்கள் நிற்பதே தெரியாமல் போயிருந்தது. தங்கள் புதிய வீடியோ கேமைச் சோதனைக்காக ஆடுபவர்களின் பதிவுகளைப் பார்த்து, அவர்கள் எங்கே சலிக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று சொல்வது அவள் வேலை. பனிப்புயலில் சிக்கியவன் மலையடிவாரத்து வீடொன்றில் அடைக்கலம் தேடும் கேம் அது. அந்த வீட்டின் நீண்ட நடைக்கூடத்தில், மங்கிய விளக்கின் கீழ், மரத்தரை கிறீச்சிட நடந்து வந்தவர்கள் எல்லோரும் பாதி வழியில் சுவரோரம் ஒதுங்கி, சற்று நின்று, பிறகு நடந்தார்கள்.

எதிரே யாரும் இல்லை.

கேமை வடிவமைத்த உலானைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அண்ணே, இங்க கண்ணுக்குத் தெரியாம எதையாவது வெச்சிருக்கீங்களா?"

"வெறும் நடைக்கூடம்மா அது. எண்ணெயில பொரிச்ச போர்சோக்கைத் தின்னுக்கிட்டு நாள்பூரா திரையையே முறைச்சா பேய்தான் தெரியும்" என்று சிரித்தவன், எதற்கும் ஒருமுறை அந்த வீட்டின் கோப்புகளைத் திறந்து பார்த்தான். ஒன்றும் இல்லை.

ஆடியவர்களில் ஜில்தீஸ் என்ற கல்லூரிப் பெண்ணை அவளுக்குத் தெரியும். போனில் கூப்பிட்டாள்.

"அந்த நடையில ஏன் ஓரமா நின்னே?"

"அந்தம்மா வர்றாங்களே அக்கா, வழிவிட வேண்டாமா?"

"எந்தம்மா?"

"நனைஞ்ச கம்பளிக் கோட்டு போட்டுக்கிட்டு... நீங்க வெச்சதுதானே? வெளிய போற வழி கேட்டாங்க. பாவமா இருந்துச்சு. காட்டினேன்."

"எந்தப் பக்கம் காட்டினே?"

"என் பக்கம்தான், திரைக்கு வெளிய. வேற எங்கக்கா வழி இருக்கு?"

அந்த வீடே வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று உலானிடம் மன்றாடினாள். அவன் கத்தினான், கேலி செய்தான். கடைசியில் அவள் கண் கலங்கியதைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மாசக்கணக்கா இழைச்சு இழைச்சுக் கட்டினது. நீ அழறியேன்னு அழிக்கிறேன்." சுவர்கள் போயின. விளக்கு போயிற்று. திரையில் பனி மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அவளுக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தான்.

பொழுது சாயும் நேரத்தில், திறந்திருந்த கதவின் வழியே நனைந்த கம்பளியின் நாற்றம் வந்தது. ஆட்டு மந்தை மழையில் நின்றதுபோல, அதனடியில் மக்கிய மண்போல. எட்டிப் பார்த்தாள். அலுவலக நடையில், கேமுக்குப் படம் வரையும் ஓவியர்கள் இருவர் பேசிக்கொண்டே வந்தார்கள். பேச்சு நிற்கவேயில்லை. ஆனால் பாதி வழியில் இருவரும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

பின்னால் வாளியோடு வந்த துப்புரவுப் பெண்ணும் ஒதுங்கினாள். இன்னும் கொஞ்சம் பெர்மெத்தின் அறைக்குக் கிட்டே.

அந்தம்மாவுக்கு இருந்த ஒரே வீட்டையும் இடித்துவிட்டோம் என்று பெர்மெத்துக்குத் தோன்றியது.

அவள் மேசைக்குத் திரும்பினாள். நாற்றம் கூடியது. உலான் தேநீர்த் தட்டோடு வாசலில் வந்து நின்றான். நின்றவன் ஒதுங்கினான். காத்திருந்தான். பிறகு உள்ளே வந்தான்.

"யாருக்கு வழி விட்டீங்கண்ணே?"

"நானா? யாரும் வரலியே."

அவளுக்கு ஒரு கோப்பை வைத்தான். அவளுக்கு எதிரே இருந்த வெற்று நாற்காலியின் முன்னாலும் ஒன்று வைத்தான். அந்த ஊர் வழக்கப்படி விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல, அரைக் கோப்பை. தனக்கொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கதவைச் சாத்திக்கொண்டு.

பெர்மெத் அசையவில்லை. எதிர்க்கோப்பையிலிருந்து ஆவி நேரே எழுந்தது. பிறகு வளைந்தது. யாரோ நிதானமாக ஊதி ஆற்றுவதுபோல, விட்டு விட்டு, அவள் முகத்தை நோக்கிச் சாய்ந்து வந்தது.